காணாக்கடி

இரவிலே சுகமாய்ப் படுத்துறங்கிய பிள்ளை விடியுமுன் எழுந்திருந்து உடம்பைச் சொறிகின்றது. விளக்கை ஏற்றிப் பார்த்தால் முதுகிலும் தொடையிலும் காசளவிற் சில, கையகலத்திற் சில எனச் செந்தடிப்புக்கள் எழுந்து நிற்கின்றன. பாயை உதறிப் பார்க்கின்றோம். பூச்சி எதுவும் இல்லை. கடித்ததைக் கண்ணாற் காண முடியாத இந்நோய்க்குக் காணாக்கடி என்ற பெயர் எத்துணைப் பொருத்தமானது! மேனாட்டார் இதனை ‘ஏர்ட்டிக்கேரியா’ என்பர். நமது காஞ்சோன்றியைப் போலத் தீண்டினார்க்குத் தினவெடுக்கச் செய்யும் செடியொன்றின் இலத்தீன் பெயரிலிருந்து பிறந்த சொல் அது.

உண்மையிற் கடிப்பது வெளியே இல்லை. நம் சருமத்தினுள்ளேயே இருக்கின்றது. அங்கே ‘மாஸ்ட்’ கலங்கள் என்பன உள. அவற்றுள் ஹிஸ்டமீன் முதலிய இரசாயனப் பொருள்கள் சிறு மணிகளாய் அடைபட்டுக் கிடக்கின்றன. கலம் தூண்டப்பட்டதும் அவை வெளிப்படுகின்றன. நுண்ணிய குருதிக் குழாய்கள் விரிவதாற் செம்மையும், அவற்றின் சுவரினூடே நீர் கசிவதால் வீக்கமும், நரம்பு நுனிகள் தூண்டப்படுவதாற் கடியும் உண்டாகின்றன. ஒரு தடிப்பு பெரும்பாலும் 24 மணித்தியாலத்துள் வடுவின்றி மறையும். அதற்குள் வேறோரிடத்திற் புதியது எழும். இது தொற்றுநோயன்று.

கிரந்தி என்னும் பழி

தடிப்பைக் கண்டதும் நம்மவர் வாயில் முதலில் வருவது, “என்ன கிரந்திச் சாப்பாடு சாப்பிட்டாய்?” என்ற கேள்வியே. கணவாய், இறால், நண்டு, கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி என ஒவ்வொன்றாய்க் குற்றவாளிக் கூட்டில் ஏற்றப்படும். சில வேளைகளில் இப்பழி உண்மையே. இறால், நண்டு, முட்டை, கச்சான் முதலியன சிலருக்கு ஒவ்வா. ஆயின் உணவே காரணமானால், பெரும்பாலும் உண்ட சில நிமிடங்களிலோ இரண்டு மணித்தியாலத்துக்குள்ளோ தடிப்பு எழும். நேற்றுண்ட கத்தரிக்காயை இன்றைய தடிப்புக்குக் குற்றஞ்சாட்டுதல் நியாயமன்று. சிறுவர்க்குத் தடிமனோ காய்ச்சலோ கண்ட நாட்களில் வரும் தடிப்புக்குப் பெரும்பாலும் அந்நோய்க் கிருமியே காரணம். பெனிசிலின், அஸ்பிரின் போன்ற மருந்துகளாலும் குளவி கொட்டுவதாலும் இது வருவதுண்டு.

மீனைப்பற்றி ஒன்று கூறவேண்டும். சூரை, கும்பளா போன்ற மீன்களைக் குளிரூட்டாது வைத்திருந்தால் அவற்றின் தசையிலே ஹிஸ்டமீன் பெருகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. அக்கறியை உண்ட பலருக்கும் ஒரே வேளையில் முகஞ் சிவந்து உடல் கடிக்குமாயின், அஃது ஒவ்வாமையன்று. கெட்ட மீனின் நஞ்சு. அதற்காக ஆயுள் முழுவதும் மீனை வெறுக்க வேண்டியதில்லை.

ஆறு வாரங் கடந்தால்

ஆறு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் காணாக்கடியின் கதை வேறு. இங்கே உணவு காரணமாவது அரிது. பலரில், நோயை எதிர்க்கவேண்டிய நிர்ப்பீடனத் தொகுதியே வழிதவறி, தன் உடலுக்கு மாறான பிறபொருளெதிரிகளை உண்டாக்கி மாஸ்ட் கலங்களைத் தூண்டுகின்றது. இத்தகையோரிற் சிலருக்குத் தைரொயிட் சுரப்பியின் நோயும் இருப்பதுண்டு. இறுகிய ஆடையின் அழுத்தம், குளிர், வியர்வை என்பவற்றால் மட்டும் தடிப்பு எழுவோரும் உளர்.

சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பில் நம்மிடம் பயின்ற மாணவன் ஒருவனுக்கு இந்நோய் ஆறு மாதமாய் இருந்தது. தாயார் அன்பு மிகுதியால் மீனை நிறுத்தினார். பின் முட்டையை, பாலை, காய்கறிகளுட் பலவற்றை நிறுத்தினார். பிள்ளை மெலிந்தானேயன்றித் தடிப்பு நிற்கவில்லை. இரவிற் கடியால் உறக்கமில்லை. பகலிற் குளிசையின் மயக்கம். வகுப்பிலே தூங்கி விழுந்தவனைச் சோம்பேறி என்று நாமும் கடிந்துகொண்டோம். காரணம் அறிந்தபோது வெட்கினோம்.

மருந்தும் எச்சரிக்கையும்

ஹிஸ்டமீனைத் தடுக்கும் மருந்துகளை ஆராய்ந்த டானியல் போவே 1957 இல் நோபெல் பரிசு பெற்றார். குளோர்பெனிரமின் முதலிய பழைய குளிசைகள் உறக்கத்தைத் தருவன. பரீட்சைக்குப் படிப்போர்க்கும் வாகனம் ஓட்டுவோர்க்கும் ஏற்றனவல்ல. செற்றிரிசீன், லொறட்டடீன், பெக்சோபெனடீன் என்பவற்றில் மயக்கம் குறைவு. நீடித்த நோயில் இவற்றைத் தடிப்பு எழுந்தபோது மட்டுமன்றி, வைத்தியர் சொன்னபடி நாடோறும் உட்கொள்ளல் வேண்டும். அளவைக் கூட்டுவதும் அவர் பொறுப்பே. இவற்றுக்கும் அடங்காதார்க்கு ஒமலிசுமாப் என்னும் ஊசி மருந்து உண்டு. பிரெட்னிசொலோன் குளிசை உடனே சுகந் தருவதால் அதனைத் தாமாகவே வாங்கித் தொடர்ந்து உண்போர் உளர். நெடுநாள் உண்டால் நீரிழிவும் என்பின் நலிவும் வரக்கூடும். அஸ்பிரின், இபுப்ரோபென் போன்ற நோவு மருந்துகள் சிலருக்குத் தடிப்பை மிகுவிக்கும்.

குளிர்ந்த நீரிற் குளிப்பதும், கலமைன் பூசுவதும், தளர்ந்த பருத்தி ஆடை அணிவதும் கடியைத் தணிக்கும். குளிரால் தடிப்பு வருவோர் மட்டும் குளிர்நீரைத் தவிர்க்க. தடிப்பு வைத்தியர் காணுமுன் மறைந்துவிடுமாதலின், கைத்தொலைபேசியிற் படமெடுத்து வைப்பது நன்று. ஒரே தடிப்பு ஒரு நாளுக்கு மேல் நின்று, நோவெடுத்து, கன்றிய தழும்பை விட்டுச் செல்லுமாயின் அதனையும் வைத்தியரிடம் கூறுக.

உதடும் நாக்கும் வீங்கி, மூச்சுத் திணறி, தலைசுற்றுமாயின் வேப்பிலைக்கும் பார்வை பார்ப்பதற்கும் நேரமில்லை. தொடைத் தசையிற் போடும் அட்றினலின் ஊசியே அப்போது உயிர் காப்பது. தாமதியாது 1990 என்ற இலக்கத்தை அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

நாம் கூறிய மாணவனை ஈற்றிலே சரும வைத்தியர் ஒருவர் பரிசோதித்தார். மயக்கந் தராத குளிசையொன்றை நாடோறும் உண்ணச் செய்து, உணவு யாதொன்றும் விலக்க வேண்டாமென்றார். கடி அடங்கச் சில வாரங்கள் சென்றன. ஆனால் அவனுடைய தட்டுக்கு மீன்கறி அன்றிரவே திரும்பி வந்தது. பிள்ளைகளுக்குப் பத்தியம் வகுக்குமுன் தாய்மார் ஒருமுறை வைத்தியரைக் கேட்பாராக. வகுப்பில் உறங்கும் மாணவனைக் கடியுமுன் ஆசிரியராகிய நாமும் ஒருமுறை அவனைக் கேட்போமாக.