கூப்பிட்டது யாரை?

ஒரே வகுப்பில் இரண்டு செந்தில்கள் இருந்தால், ஆசிரியர் இனிஷியலையும் சேர்த்து அழைப்பார்: பி. செந்தில், டி. செந்தில். கடைசி பெஞ்சில் இருப்பவனுக்குப் 'பி'யும் 'டி'யும் ஒன்றுபோலவே கேட்கும். தவறான செந்தில் எழுந்து "உள்ளேன் ஐயா" என்றால் வகுப்பு சிரிக்கும், அவ்வளவுதான். வானத்தில் இப்படி நேர்ந்தால்?

விமானங்களுக்கும் அழைப்புப் பெயர் உண்டு. விமானக் கம்பெனிக்கென ஒரு சொல், அதன்பின் ஓர் எண். அந்தச் சொல் கம்பெனியின் பெயராகவே இருக்கவேண்டும் என்பதில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் வானொலியில் 'ஸ்பீட்பேர்ட்'. அயர்லாந்தின் ஏர் லிங்கஸ் 'ஷாம்ராக்'. நம் நாட்டு இண்டிகோ 'ஐஃப்ளை'.

ஒரு வான்பகுதியிலுள்ள விமானங்கள் எல்லாம் ஒரே அலைவரிசையில்தான் கட்டுப்பாட்டாளரோடு பேசுகின்றன. ஒருவர் பேச, மற்றவர் எல்லோரும் கேட்கின்றனர். ஆகவே உத்தரவு யாருக்கு என்பதைப் பெயர் ஒன்றைக்கொண்டே அறியவேண்டும். ஸ்பீட்பேர்ட் 237-உம் ஸ்பீட்பேர்ட் 273-உம் அருகருகே பறப்பதாக வைத்துக்கொள்வோம். "273, கீழே இறங்கவும்" என்ற உத்தரவை 237-இன் விமானி தமக்கென்று எண்ணி இறங்கத் தொடங்கலாம். இறங்கும் உத்தரவை எதிர்பார்த்துக் காத்திருப்பவருக்கு இந்தத் தவறு இன்னும் எளிதாக நேரும். காது, தான் எதிர்பார்ப்பதையே கேட்கும் இயல்புடையது.

இதைத் தடுக்கவே, உத்தரவைப் பெற்ற விமானி அதைத் தம் அழைப்புப் பெயருடன் திருப்பிச் சொல்லவேண்டும் என்பது விதி. கட்டுப்பாட்டாளர் அதைக் கேட்டுச் சரிபார்ப்பார். ஆனால் இரு விமானிகள் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் என்ன ஆகும்? விமான வானொலியில் வீச்சுப் பண்பேற்ற முறை பயன்படுகிறது. இரண்டு அலைகள் மோதும்போது கீச்சென்ற ஓசையோ, சிதைந்த குரலோதான் காதில் விழும்.

1979 ஆகஸ்ட் 11 அன்று, அப்போதைய சோவியத் ஒன்றியத்தின் உக்ரைன் பகுதியில், இரண்டு டி.யூ.-134 விமானங்கள் நடுவானில் மோதி 178 பேர் மாண்டனர். தாஷ்கண்டின் பக்தகோர் கால்பந்துக் குழுவினர் 17 பேரும் அவர்களுள் அடங்குவர். மோதலைத் தவிர்க்க ஒரு விமானத்தை மேலேறச் சொன்ன கட்டுப்பாட்டாளருக்குத் தெளிவற்ற பதில் ஒன்று வந்தது. அந்த விமானமே பதில் தந்ததென அவர் கொண்டார். உண்மையில் பேசியது மூன்றாவது விமானம்! இங்கே பெயர்கள் அவ்வளவாக ஒத்திருக்கவில்லை. பதில் யாருடையது என்ற ஐயம் ஒன்றே போதுமானதாயிற்று.

ஒத்த எண்கள் ஏன் வருகின்றன? கம்பெனிகள் பயணச்சீட்டு வசதிக்காக வரிசையாக எண்ணிடுகின்றன. வரிசையான எண்களைக் கொண்ட விமானங்கள் பல, காலையில் ஒரே நிலையத்திலிருந்து அடுத்தடுத்துக் கிளம்புகின்றன. மிகவும் ஒத்த பெயர்கள் மிகவும் நெருங்கிய இடத்தில் கூடுகின்றன! அட்டவணை போடுபவருக்கு வசதியானது, கேட்பவருக்குத் தொல்லை.

எனவே, பயணச்சீட்டிலுள்ள எண் வேறு, வானொலியில் சொல்லும் எண் வேறு என்று பிரிக்கும் வழக்கம் ஏற்பட்டது. ஐரோப்பாவில் எண்ணோடு எழுத்தும் கலந்த '4 டேங்கோ கிலோ' போன்ற பெயர்களை அடிக்கடி கேட்கலாம். 'டி, கே' என்று சொல்லாமல் 'டேங்கோ, கிலோ' என்பது ஏன் என்று, நம் இரண்டு செந்தில்களை நினைத்தால் விளங்கும். ஆங்கில 'நைன்' 'ஃபைவ்' போல ஒலிப்பதால், அதையும் 'நைனர்' என்றே உச்சரிக்கின்றனர். 'ஐ', 'ஓ' என்னும் எழுத்துகள் 1, 0 போலத் தோன்றுவதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. ஐரோப்பிய விமானப் போக்குவரத்து அமைப்பான யூரோகண்ட்ரோல், அட்டவணைகளைக் கணிப்பொறியில் ஒப்பிட்டு, ஒத்த பெயர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் இரு ஒத்த பெயர்கள் ஒரே வானில் சந்தித்துவிட்டால், கட்டுப்பாட்டாளர் இருவரையும் எச்சரிப்பார். தேவையானால் ஒருவரின் அழைப்புப் பெயரைத் தற்காலிகமாக மாற்றியும் விடுவார். ஐயம் எழுந்தால் விமானி ஊகித்துச் செயல்படாமல், "மீண்டும் சொல்லுங்கள்" என்று கேட்பார். அதற்குச் சில விநாடிகளே ஆகும்.