உங்களுக்குத் தெரியுமா? வெள்ளி டாலரின் மதிப்பு வயதில் இல்லை

அமெரிக்காவில் 1921 வரை அடித்த மார்கன் வெள்ளி டாலர்கள் எந்த ஆண்டினதானாலும் 26.73 கிராம் எடைதான். அதில் 90 சதவீதம் வெள்ளி. ஆனாலும் 1921ஆம் ஆண்டு நாணயம் சாதாரணமாகக் கிடைக்க, 1893இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது தேய்ந்திருந்தாலும் ஆயிரக்கணக்கான டாலர் பெறுகிறது. அவ்வாண்டு அங்கே அடித்தவை 1,00,000 மட்டுமே. அப்படியானால் அச்சடித்த எண்ணிக்கையைப் பார்த்தால் போதுமே என்று கேட்கலாம். போதாது. 1918இன் பிட்மன் சட்டப்படி 27 கோடி வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. ஆண்டுவாரியாகக் கணக்கு வைக்கவில்லை. 1903இல் நியூ ஆர்லியன்ஸில் 44 லட்சத்துக்கு மேல் அடித்த டாலரும் அப்படி அழிந்ததென நம்பிச் சேகரிப்பாளர்கள் பெருவிலை கொடுத்தார்கள். 1962இல் அரசுக் கருவூலத்திலிருந்து அது மூட்டை மூட்டையாக வெளிவந்ததும் விலை சரிந்தது. ஆக, எத்தனை எஞ்சியுள்ளன, எந்த நிலையில் உள்ளன என்பதே விலையை முடிவு செய்கிறது.

நாணயத்தை அடித்த அக்கசாலையைச் சொல்வது பின்பக்கம் கழுகுக்குக் கீழுள்ள சிற்றெழுத்து. எழுத்தில்லையென்றால் பெரும்பாலும் பிலடெல்பியா. 1893 பிலடெல்பியா நாணயத்தில் சான் பிரான்சிஸ்கோவைக் குறிக்கும் ‘எஸ்’ எழுத்தை ஒட்டி ஏமாற்றுவதும் நடக்கிறது. எடையும் வெள்ளியும் அதில் அசலாகவே இருக்குமாதலால் தராசு இங்கே உதவாது. நிபுணரின் சான்றிதழ் தேவை. விற்குமுன் பளபளப்பாக்கலாம் என்று மட்டும் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள், மதிப்பு பெரிதும் குறைந்துவிடும்.