வண்டி வானொலியில் இரைச்சல்

தில்லியிலும் நாகபுரியிலும் வாழும் நம்மவர்க்கு, காரில் ஒலிக்கும் தமிழ்ப் பாட்டு ஊர் உறவைப் போன்றது. அதனூடே சீழ்க்கை போன்றதோர் இரைச்சல் எழுந்தால், கருவி பழுதென்று கருதிப் புதியது வாங்க முனைகிறோம். சற்றுப் பொறுப்போம்.

எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டை மட்டும் ஒலிக்கச் செய்வோம். இரைச்சல் மறைந்தால் குற்றம் பெரும்பாலும் கருவியிடம் இல்லை. எஞ்சின் வேகத்தோடு சீழ்க்கையின் சுருதியும் ஏறுமாயின், அது ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. அது பிறப்பிக்கும் மாறுமின்னோட்டத்தை டயோடுகள் நேர்மின்னோட்டமாக மாற்றினும், சிற்றலை எஞ்சி நிற்கிறது. எர்த் இணைப்பு தளர்ந்தோ துருவேறியோ இருப்பின், அச்சிற்றலை பாட்டினுள் புகுகிறது.

ஆதலின், பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிய பின், கருவியின் எர்த் கம்பி வண்டியுடலைத் தொடும் இடத்தை உப்புத்தாளால் தேய்ப்போம். வண்ணமும் துருவும் நீங்கி உலோகம் பளிச்சிட்டதும் இறுக முடுக்குவோம். ஆம்ப்ளிஃபயர் தனியே இருந்தால், ஒலிக்கம்பியையும் மின்கம்பியையும் வெவ்வேறு பக்கமாகக் கொண்டுசெல்வோம்.

அதன் பின்னும் இரைச்சல் ஓயாவிடில், மெக்கானிக்கிடம் டயோடுகளைச் சோதிக்கச் சொல்வது கடமை. அவை பழுதானால் பாட்டரி மின்னேற்றம் குன்றி, குடும்பத்தோடு ஊர் திரும்பும் நெடுவழியில் வண்டி நின்றுவிடக்கூடும். அந்தச் சீழ்க்கை சில வேளைகளில் முன்னெச்சரிக்கையும் ஆகும்.