உளவியற் சிறப்புப் பட்டமும் ஊவாத் தோட்ட மாணவரும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியானதும், பதுளை, பசறை, லுணுகலை, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே சில லயன் வீடுகளில் மட்டும் விளக்கு நெடுநேரம் எரிவதுண்டு. கலைத்துறையில் நன்கு சித்தியெய்திய பிள்ளை அவ்வீட்டில் இருப்பாள். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடம் என்னும் ஆலோசனை நடைபெறும். கொழுந்து பறித்துத் திரும்பிய தாய்க்கும், கவ்வாத்து வெட்டித் திரும்பிய தந்தைக்கும் பல்கலைக்கழகத்தின் உள்ளமைப்புத் தெரிந்திருக்க நியாயமில்லை. பிறரைக் கேட்டாலோ, "முதலில் உள்ளே போகட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். உளவியலை விரும்பும் மாணவிக்கு இதனிலும் தீங்கான அறிவுரை வேறில்லை. அவள் 'பிறகு பார்க்கலாம்' என்று விடும் விஷயம், பார்ப்பதற்குள் முடிந்துபோய்விடுகிறது.

உளவியல் என்பது பிறர் மனத்தில் உள்ளதைக் கண்டு சொல்லும் வித்தையன்று. மனநோய்க்கு மருந்து கொடுக்கும் வைத்தியமும் அன்று. மனநோய் மருத்துவராக விரும்புவோர் முதலில் மருத்துவப் பட்டம் பெறவேண்டும். புலனுணர்வு, நினைவு, கற்றல், குழந்தை வளர்ச்சி, ஆளுமை, கூட்டத்தில் மனிதர் நடந்துகொள்ளும் முறை முதலியவற்றை அவதானித்தும் பரிசோதித்தும் அளந்தும் ஆராயும் இயல் அது. ஜேர்மனியிலே லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வூண்ட் 1879 இல் ஆய்வுகூடம் அமைத்ததைத் தொடர்ந்து அது தனித்துறையாக வளர்ந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916 இலும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943 இலும் அதற்கெனத் துறைகள் தோன்றின. இலங்கையிலோ அது பேராதனையில் நெடுங்காலம் மெய்யியலின் நிழலிலேயே வாழ்ந்தது. அந்த நிழல் வீண்போகவில்லை. பேராதனையில் மெய்யியல் பயின்ற பத்மல் டி சில்வா பின்னர் இலண்டனிலே மருத்துவ உளவியலாளராகப் புகழ்பெற்றார்.

இப்பாடம் உயர்தர வகுப்பில் இல்லை. ஆதலால், கொழும்பிலிருந்து வரும் மாணவனும் லுணுகலையிலிருந்து வரும் மாணவியும் உளவியலின் முதல் விரிவுரைக்கு ஒரே நிலையில்தான் வந்து அமர்கின்றனர். தோட்டப் பிள்ளைகளுக்கு இத்தகைய சமநிலை எளிதிற் கிடைப்பதன்று. அளவையியலும் விஞ்ஞான முறையும் என்ற பாடத்தை உயர்தரத்திற் கற்றவர்க்குச் சிறிது அனுகூலம் உண்டு எனலாம்.

உட்புகுதற்கு வேண்டியது இசட் புள்ளி. மூன்று பாடங்களிலும் ஒரே அமர்விற் சித்தியும், பொதுச் சாதாரணப் பரீட்சையிற் குறைந்தது 30 புள்ளியும் பெற்றவரே விண்ணப்பிக்கலாம். அவர்களுள் யார் முந்துவர் என்பதை இசட் புள்ளி தீர்மானிக்கிறது. அதன் பெயரைக் கேட்டு அஞ்சுவோர் பலர். ஆனால் கணக்கு எளிது. ஒரு பாடத்தில் அவ்வாண்டு பரீட்சை எழுதிய எல்லோருடைய சராசரி 50 என்றும், புள்ளிகள் சராசரியைவிட்டு விலகிப் பரந்திருக்கும் அளவு 10 என்றும் கொள்வோம். அதில் 65 பெற்றவர் சராசரியிலும் 15 கூடப் பெற்றார். 15 ஐ 10 ஆற் பிரித்தால் 1.5. மற்றொரு பாடத்தில் சராசரி 60, பரவல் 15 எனின், 75 பெற்றவரின் இசட் புள்ளி 1 மட்டுமே. 75 ஐவிட 65 உயர்ந்து நிற்பது இவ்வாறுதான். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளுடைய சராசரியே மாணவரின் இறுதிப் புள்ளியாகும்.

இதனை விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நுண்ணறிவுச் சோதனைகளும் ஆளுமைச் சோதனைகளும் இதே கணக்கின்மீதே நிற்கின்றன. கலைத்துறை மாணவர் பலர் உளவியலைக் கதைபோல எண்ணிப் புகுந்து, புள்ளிவிபரவியலைக் கண்டதும் திகைக்கின்றனர். சாதாரண தரக் கணிதத்தில் நல்ல சித்தி பெற்ற மாணவி திகைக்கவேண்டியதில்லை. கணிதம் வேண்டாம் என்பதற்காகவே கலைத்துறைக்கு வந்தவர் வேறு பாடத்தை நாடுதல் நலம். சிறப்புப் பட்டத்துக்குரிய ஆய்வுக் கட்டுரையிலே புள்ளிவிபரத்தைத் தப்பிக்க வழியில்லை.

பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களும் கல்வியிற் பின்தங்கியவையாக வகுக்கப்பட்ட மாவட்டங்களைச் சேர்ந்தவை. எந்தப் பட்டநெறிக்கு மாவட்ட ஒதுக்கீடு உண்டு, எதற்கு அகில இலங்கைத் திறமை வரிசை என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைநூல் பட்டநெறிவாரியாகக் கூறும். ஆனால் ஒதுக்கீட்டின் துணை வாயில்வரைதான். உள்ளே சென்றபின் மாவட்டம் என்பது இல்லை. சிறப்புப் பட்டத்துக்கு ஆள் எடுக்கும்போது, மாணவி எங்கிருந்து வந்தாள் என்று எவரும் கேட்பதில்லை. முதலாண்டில் என்ன பெற்றாள் என்றே கேட்பர்.

இவ்வேற்பாடு புதியதன்று. 1942 இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகத்திலே, கலைப்பீட மாணவர் முதலாண்டு முடிவில் பொதுக் கலைத் தகுதிகாண் பரீட்சை எழுதினர். அதில் மேலோங்கியவர் ஒரே பாடத்தை ஆழமாகக் கற்கும் சிறப்புப் பட்டத்துக்குச் சென்றனர். ஏனையோர் மூன்று பாடங்களோடு பொதுப் பட்டம் பெற்றனர். 1960 ஆம் ஆண்டில் தாய்மொழி மூலம் கற்கும் மாணவர் கலைப்பீடத்துட் புகுந்தபோதும் இப்படிமுறை மாறவில்லை. பட்டதாரிகள் உள்ள குடும்பங்களிலே இச்செய்தி தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. தோட்டப் பாடசாலைகளோ அக்காலத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவை. 1970 களிலேதான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஆகவே தோட்டத்திலிருந்து செல்லும் மாணவிக்கு இதனைச் சொல்லவல்ல அண்ணனோ அக்காளோ பெரும்பாலும் இருப்பதில்லை.

இன்றைய நடைமுறை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சிறிது வேறுபடும். ஆயினும் பொதுப்போக்கு ஒன்றே. முதலாண்டில் மாணவர் பொதுவாக மூன்று பாடங்களைத் தெரிகின்றனர். அவற்றுள் உளவியல் ஒன்றாக இருத்தல் வேண்டும். இல்லாவிடின் கதவு அங்கேயே மூடப்படும். ஆண்டு முடிவில், உளவியற் பாடங்களிற் பெற்ற தரத்தையும் மொத்தத் தரப்புள்ளிச் சராசரியையும் நோக்கி, துறையானது மட்டுப்பட்ட தொகையினரைத் தெரிவு செய்கிறது. உளவியலில் மாத்திரம் உயர்தரம் பெற்று மற்றையவற்றைக் கைவிட்டவர் ஏமாந்துபோவர். முதலாண்டென்றால் இளைப்பாறும் ஆண்டு என்று மூத்த மாணவர் சிலர் கூறுவதை நம்பியவர்களும் அவ்வாறே. வந்த முதல் வாரத்திலேயே துறை அலுவலகத்துக்குச் சென்று, சிறப்புப் பட்டத்துக்கான விதிகளை எழுத்திற் கேட்டுப் பெறுதல் வேண்டும். கேட்பதற்கு நாணுதல் தோட்டப் பிள்ளைகளிடம் காணப்படும் ஒரு குறை. லயனில் வளர்ந்த பிள்ளைக்குக் கந்தோர் வாசலில் நிற்பது கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கூச்சத்தின் விலை ஒரு பட்டமாக இருந்துவிடக்கூடாது.

மொழி மற்றொரு தடை. பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் உளவியல் கற்பிக்கப்படுகிறது. எந்த மொழிமூலம் என்பதை விண்ணப்பிக்குமுன் விசாரித்தல் வேண்டும். தமிழ் மூலம் கற்றாலும் துறைநூல்களும் ஆய்வுச் சஞ்சிகைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. பரீட்சைக்கும் அனுமதிக்கும் இடைப்பட்ட மாதங்களைப் பல குடும்பங்கள் கொழும்புக் கடைகளில் வேலைக்காகச் செலவிடச் செய்கின்றன. வறுமை அப்படி. இயலுமாயின், அம்மாதங்களில் நாளுக்கு இரண்டு பக்கம் ஆங்கிலம் வாசிக்கும் பழக்கத்தையாவது கைக்கொள்ளலாம். முதலாண்டு தொடங்கிய பின்னர் அதற்கு ஓய்வு கிடைக்காது.

நான்காம் ஆண்டே வீட்டாருக்குப் பெரிய கேள்வி. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின்படி பொதுக் கலைமாணி 90 கிரடிட் கொண்ட மூன்றாண்டுப் பட்டம். சிறப்புக் கலைமாணி 120 கிரடிட் கொண்ட நான்காண்டுப் பட்டம். மூன்றாண்டில் மகள் உழைக்கத் தொடங்குவாள் என்று காத்திருக்கும் குடும்பத்துக்கு, மேலும் ஓராண்டு என்பது சிறிய சொல்லன்று. மகாபொல உதவிப்பணம் துணைசெய்யும்; அதனால் மட்டும் செலவு முடிவதில்லை. தமிழும் புவியியலும் போன்ற பாடங்களோடு பொதுப் பட்டம் பெற்றவர் பாடசாலையில் ஆசிரியராகலாம். உளவியல் பாடசாலைப் பாடமன்று. ஆகவே அதில் மட்டும் சிறப்புப் பட்டம் பெற்றவர்க்கு அவ்வழி அத்துணை நேரானதன்று. இதனை மறைத்து மாணவரை ஊக்குவிப்பது நேர்மையாகாது. ஆனால் மருத்துவ உளவியலில் முதுதத்துவமாணி போன்ற மேற்படிப்புக்கு உளவியலில் சிறப்புப் பட்டம் அடிப்படையாகக் கேட்கப்படுகிறது. பொதுப் பட்டத்தோடு நின்றவர் பின்னர் வருந்துவது அவ்விடத்தில்தான். பிரதேச செயலகங்களில் உளவளத்துணைப் பணியும், தொண்டு நிறுவனங்களில் வேலையும் உண்டு.

அவ்வேலைக்கு ஊவாவில் எத்துணைத் தேவை உண்டென்பதை 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள் காட்டியது. அன்று காலை கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்டவர்களுள், பள்ளிக்குச் சென்றிருந்ததனால் உயிர் தப்பிப் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் இருந்தனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் பதுளை மாவட்டத்தை மீண்டும் உலுக்கின. உணவும் உடையும் எம்மொழியிற் பேசுபவர் கொடுத்தாலும் பயன்படும். இரவில் மழை பெய்தால் உறங்காத பிள்ளையிடம், அப்பிள்ளையின் பேச்சிலேயே பேசவல்லவர் வேண்டும். பிரட்டுக்களம், கொழுந்து நிறுவை, லயன் வாழ்க்கை ஆகியவற்றை விளக்கத் தேவையில்லாதவரிடம் மனம் விரைவில் திறக்கும்.

பல்கலைக்கழக அனுமதிக்குச் சிறிது குறைவாகப் பெற்றவர்க்கும், தொழிலில் இருந்துகொண்டு கற்க விரும்புவோர்க்கும் திறந்த பல்கலைக்கழகம் உண்டு. அது உளவியலில் சிறப்பு விஞ்ஞானமாணிப் பட்டநெறியை நடத்துகிறது. பதுளையில் அதற்கு ஒரு நிலையமும் இருக்கிறது. அப்பட்டநெறி ஆங்கில மொழிமூலமானது, கட்டணமும் உண்டு. எந்தெந்த வகுப்புகளும் செய்முறைகளும் பதுளையில் நடைபெறும், எவற்றுக்குக் கொழும்புக்குச் செல்லவேண்டும் என்பதைப் பணம் கட்டுமுன் அந்நிலையத்திற் கேட்டறிந்துகொள்ளலாம்.