பீரங்கியால் முடியாததை ஒரு பட்டம் சூட்டும் விழா முடித்தது எப்படி? 1801 சிவகங்கைப் போரின் கதை

திருமழிசையைத் தாண்டி பெங்களூரு ஹைவேயில் போனால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் வேலூர் கோட்டை வந்துவிடும். 1806-இல் அங்கே நடந்த சிப்பாய் புரட்சியை ஸ்கூல்லயே படிச்சிருப்போம். ஆனால் அதற்கு 5 வருஷம் முன்னாடி தெற்கே 8 மாதம் நீடித்த ஒரு முழுப் போரே நடந்தது. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படம் பார்த்தவர்களுக்கும் இது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. ஏன்னா, படம் 1799-இல் கயத்தாறு தூக்கோடு முடிஞ்சிடும். இந்தக் கதை அதுக்கு அப்புறம்தான் தொடங்குது.

1801 பிப்ரவரி 2. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் அவரோடு இருந்தவர்களும் பாளையங்கோட்டை சிறையிலிருந்து தப்பினார்கள். நேரே பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனார்கள். ஆங்கிலேயர்கள் இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டை, ஒரு வாரத்துக்குள் மறுபடி எழுந்து நின்றது. துரத்தி வந்த மேஜர் மெக்காலேயின் படை அதைப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

மண் கோட்டைதானே, என்ன கஷ்டம்?

அங்கேதான் கம்பெனி கணக்கு தப்பியது. கோட்டை பெரிசு இல்லை. நீளம் சுமார் 500 அடி, அகலம் 300 அடி, சுவர் 12 அடி உயரம், சுற்றிலும் முள்வேலி. ஆனால் கெட்டியான களிமண் சுவர். கல் சுவர்னா குண்டு பட்டதும் நொறுங்கும், மண் சுவர் குண்டை உள்ளே வாங்கிக்கும். மார்ச் 31-இல் ஒருவழியாகச் சுவரில் ஓர் உடைப்பை உண்டாக்கி, வீரர்கள் அதன் மேல் ஏறினார்கள். உள்ளே காத்திருந்தவர்கள் கையில் மிக நீளமான ஈட்டிகள். மேலே வந்தவர்களால் நிற்கக்கூட முடியவில்லை. பெரும் சேதத்தோடு படை பின்வாங்கியது.

கூடுதல் படையும் பீரங்கிகளும் வந்து, கர்னல் அக்னியூ தலைமை ஏற்ற பிறகு மே 24-இல்தான் கோட்டை விழுந்தது. ஊமைத்துரை காயத்தோடு பிணங்களுக்கு நடுவே கிடந்தார். மகனைத் தேடி வந்த ஒரு பெண் அவரைத் தூக்கிப்போய் வைத்திருந்தார். எட்டயபுரத்து ஆட்கள் நெருங்கியதும் துணியால் மூடி, அம்மை கண்டு செத்தவன் என்று அழுதாராம். வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். இதை எழுதியவர் அந்தப் போரில் எதிர்ப்பக்கம் சண்டையிட்ட அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ்.

பிழைத்த ஊமைத்துரைக்கு அடைக்கலம் கொடுத்தது சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரர்கள். போரும் அங்கே நகர்ந்தது. ஜூன் 16-இல் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சி கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கம் கோயில் வாசலிலும் ஒட்டப்பட்டது. எல்லா சாதி மக்களும் சேர்ந்து ஐரோப்பியர்களை விரட்ட வேண்டும் என்று அது கேட்டது. சிவகங்கை ஆளுக்குத் திருச்சி சுவரில் என்ன வேலை? இது ஒரு பாளையத்தின் வரிச் சண்டை இல்லைன்னு சொல்றதுதான் வேலை.

சிறுவயலை கம்பெனி பிடித்தபோது ஊர் எரிந்துகொண்டிருந்தது. தீ வைத்தது ஊர்க்காரர்களே. எதிரிக்கு எதுவும் மிஞ்சக் கூடாது. அங்கிருந்து காளையார்கோவிலுக்குக் காடு வழியாகத்தான் போகணும். அக்னியூ கோடாரிகளோடு இறங்கி, மரம் வெட்டிப் பாதை போடச் சொன்னார். ஒரு மாதத்துக்கும் மேல் வெட்டினார்கள். மரங்களுக்குப் பின்னாலிருந்து தாக்குதல் ஓயவே இல்லை. வரிசை கட்டிச் சுடப் பழகிய படைக்கு, எதிரே சுட வரிசையே இல்லாத சண்டை இது. கடைசியில் வேலையைக் கைவிட்டு ஒக்கூருக்குத் திரும்பினார்கள். (ஈட்டியும் வளரியும் எறிய வெல்ஷுக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான். போருக்கு முந்தைய நட்பு அது.)

அப்புறம் எப்படி ஜெயித்தார்கள்?

என் பார்வையில் திருப்பம் காட்டில் நடக்கவில்லை, சோழபுரத்தில் நடந்தது. மருதுக்கள் அரச குடும்பத்தினர் அல்லர். வேலு நாச்சியாருக்குத் துணை நின்று அதிகாரத்துக்கு வந்தவர்கள். அந்த ஒரு பலவீனத்தை கம்பெனி பிடித்துக்கொண்டது. செப்டம்பரில், அரச வழியில் வந்த படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரை வரவழைத்து, சிவகங்கைக்கு உரியவர் இவரே என்று பட்டம் சூட்டியது. சண்டையை விட்டு வந்தால் மன்னிப்பு என்றும் அறிவித்தது. அதுவரை, கம்பெனிக்கு எதிராக நிற்பதா வேண்டாமா என்பதுதான் ஒரு சிவகங்கைக்காரருக்குக் கேள்வி. இப்போ கேள்வி, நம்ம ராஜா யாருங்கிறது. ஆட்கள் பிரிந்தார்கள். புதுக்கோட்டைத் தொண்டைமான் ஏற்கெனவே கம்பெனி பக்கம்.

அக்டோபர் 1-இல் பல திசைகளிலிருந்து ஒரே நேரத்தில் புகுந்த படைகள் காளையார்கோவிலைப் பிடித்தன. ஒரு மாதம் வெட்டியும் கிடைக்காத இடம் அது.

மருது சகோதரர்கள் அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர், பெங்களூரு பக்கம் இருக்கறது இல்லை. நவம்பர் 16-இல் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரைக்கு மரண தண்டனை. 1802 பிப்ரவரியில் 73 பேர் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அதில் ஒருவர் சின்ன மருதுவின் மகன் துரைசாமி, சுமார் 15 வயசுப் பையன். இதற்கிடையே 1801 டிசம்பரில், சென்னை கோட்டையிலிருந்து கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஆயுதம் வைத்திருப்பதற்கே தடை போட்டிருந்தார்.