இத்தாலிய யாத்திரை – 7: தம்பியின் பேரன் செய்த திருத்தம்

பிளாரன்ஸ் நகரத்தின் வழிகாட்டிகள் மகா விஷயஞானம் உள்ளவர்கள். எந்தப் பளிங்கு எந்த மலையில் வெட்டப்பட்டது, அதற்கு எந்தப் பிரபு பொன் கொடுத்தான் என்பதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லிவரும் அவர்கள், அதைச் செதுக்கியவன் யாரை நேசித்தான் என்ற கட்டம் வந்ததும், கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த மண்டபத்துக்கு நடந்துவிடுகிறார்கள். ஆணாய்ப் பிறந்து ஆணிடத்திலேயே பிரியம் வைத்துவிட்ட என்னைப் போன்ற யாத்ரிகனுக்கோ, கால் தயங்கி நிற்கிற இடம் அதுதான். ஆகவே வழிகாட்டிக்கு விடைகொடுத்துவிட்டு, நானும் என் துணைவரும் கிபெல்லீனா வீதியிலுள்ள புவனரோத்தி இல்லத்துக்குச் சென்றோம்.

மைக்கேலாஞ்சலோ தம் ஐம்பத்தேழாம் வயதில், 1532-ல், ரோமாபுரியில் தொம்மாஸோ காவலியேரி என்னும் வாலிபப் பிரபுவைச் சந்தித்து, அவன்பால் கொண்ட பிரேமையைக் கவிதைகளாகவும் சித்திரங்களாகவும் வடித்து அனுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய தம்பியின் பேரன், அதே பெயர் தாங்கியவன், மூதாதையின் கீர்த்தியைச் சுவரிலும் விதானத்திலும் ஓவியங்களாகத் தீட்டச் செய்து இவ்வில்லத்தை ஏறக்குறைய ஓர் ஆலயமாகவே ஆக்கினான். அந்தப் பக்திமானே 1623-ல் கவிதைகளை அச்சிட முற்பட்டபோது, ஆணை நோக்கிப் பாடியவற்றைப் பெண்ணை நோக்கிப் பாடியவையாகத் திருத்திவிட்டான். 1863-ல் செஸாரே குவாஸ்தி மூலப்பிரதிகளைக் கொண்டு பதிப்பித்த பிறகுதான் உலகம் கவியின் சொந்தக் குரலைக் கேட்டது. சித்திரக் கூடத்தில் நின்றபோது எனக்கு அந்தப் பேரன்மீது கோபம் வரவில்லை. அவன் பிறந்த ஊர் எத்தகையது என்பதையும் நினைக்க வேண்டியிருந்தது.

ஏனெனில், இக்காதலைத் தண்டிப்பதற்கென்றே 1432 முதல் 1502 வரை ‘இரவு அதிகாரிகள்’ என்னும் தனி நியாயஸ்தலத்தை வைத்திருந்த ஊர் இது. கோயில்களில் மாட்டியிருந்த பெட்டிகளில் யார் வேண்டுமானாலும் கையெழுத்தில்லாத புகார்ச் சீட்டைப் போடலாம். 1476-ல் அப்படி விழுந்த ஒரு சீட்டில் லியனார்டோ டாவின்சியின் பெயரும் இருந்தது, பிறகு வழக்கு தள்ளுபடியாயிற்று. சுமார் நாற்பதினாயிரம் ஜனங்கள் வாழ்ந்த நகரத்தில், அந்த எழுபது ஆண்டுகளில் ஏறத்தாழ 17,000 பேர் ஒரு முறையேனும் குற்றம் சாட்டப்பட்டார்கள் என்று ஏடுகளை ஆராய்ந்த சரித்திராசிரியர் கணக்கிட்டிருக்கிறார். ஒழித்துக்கட்ட வந்தவர்களே எங்களுக்கு வம்சாவளி எழுதி வைத்துப் போயிருக்கிறார்கள்!

இன்று அந்தப் பயத்துக்கு இடமில்லை. 1890-ல் அமலுக்கு வந்த இத்தாலியக் குற்றச் சட்டம் முதற்கொண்டே இக்காதல் குற்றமல்ல. 2016 முதல் ஓரினத் துணைவர்கள் பதிவு செய்துகொள்ளவும் சட்டம் உண்டு, விவாகம் என்ற அந்தஸ்து மட்டும் இன்னும் வரவில்லை. நாங்கள் தங்கிய விடுதியின் அம்மாள் எங்கள் கடவுச்சீட்டுகளைப் பார்த்தபின், ஒரே கட்டிலுள்ள அறையின் சாவியை நீட்டிவிட்டு, காலை ஆகாரத்தின் நேரத்தைப் பற்றித்தான் கண்டிப்பாகப் பேசினாள்.

மாலையில் போன்டே வெக்கியோ பாலத்துக்குப் போனோம். அதன் நடுவில் பொற்கொல்லரும் சிற்பியுமான செல்லினியின் மார்பளவுச் சிலை இருக்கிறது. பெர்ஸியஸ் சிலையை நகரத்துக்கு வார்த்துக் கொடுத்து மூன்றாண்டுகள்கூட நிறையாத 1557-ல், இதே ‘குற்றத்துக்காக’ நான்கு வருஷச் சிறைத்தண்டனை பெற்று, அது வீட்டுக்காவலாகக் குறைக்கப்பட்ட மனிதர் அவர். அவரைச் சுற்றியுள்ள இரும்புக் கிராதியில் காதலர்கள் தம் பெயர் பொறித்த பூட்டுகளைத் தொங்கவிடும் வழக்கம் எப்படியோ பரவிவிட, நகரசபையார் அதைத் தடைசெய்து அபராதம் விதிக்கிறார்கள். பூட்டுக்குத்தான் அபராதம், பெயர்கள் யார் யாருடையவை என்று கேட்பதில்லை.