பிள்ளை பேச்சுக்குப் பதில் பேச ஒரு ஆள்

சோறு ஊட்டும்போது போனில் பாட்டுப் போட்டுக் கொடுத்தால் பிள்ளை அடம்பிடிக்காமல் சாப்பிட்டுவிடுகிறது. அப்பன்திருப்பதி, பொய்கைக்கரைப்பட்டி என்று அழகர்கோவில் ரோட்டோர ஊர்களிலும் சரி, மதுரை நகருக்குள்ளும் சரி, இது பல வீடுகளில் பழகிப்போன ஏற்பாடு. தட்டு காலியாகிறது. அம்மாவுக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கிறது. ஆனால் அந்த அரை மணி நேரமும் பிள்ளையிடம் யாரும் பேசவில்லை. பிள்ளையும் யாரிடமும் பேசவில்லை. மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இது சின்ன இழப்பு இல்லை.

மூன்று மாதக் குழந்தை "ங்கா" என்கிறது. அம்மா குனிந்து, "ங்காவா? என்னடா சொல்ற தங்கம்?" என்கிறார். குழந்தை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி "ங்கா" என்கிறது. பத்து மாதத்தில் அதே பிள்ளை விரலை நீட்டி எதையோ காட்டுகிறது. "ஆமா, காக்கா. காக்கா தண்ணி குடிக்குது" என்று யாராவது சொல்கிறார்கள். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லைதான். ஆனால் பிள்ளை ஒன்றைத் தொடங்க, பெரியவர் அதற்குப் பதில் தர, பிள்ளை மறுபடி தொடர என்று நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் பேச்சும், கவனமும், நம்மைக் கவனிக்க ஆள் இருக்கிறது என்ற தெம்பும் வளர்கின்றன.

போனும்தான் பேசுகிறதே என்று கேட்கலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரீசியா கூல் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. 9 மாதக் குழந்தைகள் சிலரிடம் சீன மொழி பேசும் ஒருவர் நேரில் உட்கார்ந்து 12 முறை கதை சொன்னார், விளையாடினார். அந்தக் குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. வேறு சில குழந்தைகளுக்கு அதே பேச்சைத் தொலைக்காட்சித் திரையில் காட்டினார்கள். அவை எதுவும் கற்கவில்லை. திரை பேசும், ஆனால் பிள்ளை பேசும்போது நிறுத்திக் கேட்காது.

இந்த விஷயத்தில் நம் மதுரை மாவட்டத்துக்கும் ஒரு பழைய கதை உண்டு. உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-ல் வந்தபோது, முதலில் சோதித்துப் பார்த்தது அழகர்மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான். 6 முதல் 36 மாதம் வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத பிள்ளைக்குக் கூடுதல் சத்துணவு கொடுத்தார்கள். எடை போடும் அந்தப் பழக்கம் அங்கன்வாடிகளில் இன்றும் நடக்கிறது. ஆனால் தராசில் எடைதான் தெரியும், பேச்சு தெரியாது.

சத்துணவோடு விளையாட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஜமைக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில் 1986-ல் ஓர் ஆய்வு தொடங்கியது. உயரம் குறைந்த, ஏழை வீட்டுக் குழந்தைகள் 129 பேர். சில வீடுகளுக்குச் சத்துமாவு. சில வீடுகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒரு சுகாதாரப் பணியாளர் வந்து, வீட்டிலேயே செய்த பொம்மைகளை வைத்துப் பிள்ளையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தார். சில வீடுகளுக்கு இரண்டும். சில வீடுகளுக்கு இரண்டும் இல்லை. இரண்டே ஆண்டுகள். இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, விளையாட்டுப் பழக்கம் கிடைத்த பிள்ளைகள், கிடைக்காத பிள்ளைகளைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். வெறும் சத்துமாவு மட்டும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. சோறு வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. சோறோடு பேச்சும் வேண்டும், அவ்வளவுதான்.

நேரம் எங்கே இருக்கிறது?

"பிள்ளையோடு நேரம் செலவிடுங்கள்" என்று எழுதுவது சுலபம். பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டால் நடவு, களையெடுப்பு என்று பொழுதுக்கும் வயலில் நிற்பவரிடம், மாட்டுத்தாவணி பக்கம் கடையில் இரவு ஒன்பது வரை நிற்பவரிடம் தனியாக ஒரு மணி நேரம் கேட்பது நியாயமில்லை. கேட்கவும் தேவையில்லை. குளிப்பாட்டுவது, பூண்டு உரிப்பது, துணி மடிப்பது எல்லாம் எப்படியும் நடக்கிற வேலைகள்தான். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இது அப்பா சட்டை. இந்தக் குட்டிச் சட்டை யாரோடது?" என்று கேட்டுவிட்டு, மனசுக்குள் ஐந்து எண்ணும்வரை காத்திருங்கள். பெரியவர்கள் தவறவிடுவது இந்தக் காத்திருப்பைத்தான். பிள்ளைக்குச் சொல் தேட நேரம் பிடிக்கும். அதற்குள் நாமே பதில் சொல்லிவிடுகிறோம்.

இன்னொன்று. விருந்தாளி வந்ததும் "ஒன்னு, ரெண்டு சொல்லு, இது என்ன கலரு?" என்று பரீட்சை வைப்பதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுவதுதான் கணக்கு.

மதுரையிலிருந்து அழகர்கோவிலுக்குச் சுமார் 21 கிலோமீட்டர். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிள்ளையின் கையில் போன் இல்லாவிட்டால் வயல், வாத்து, கால்வாய், மலை என்று கேள்வி வந்துகொண்டே இருக்கும். மேலே பழமுதிர்ச்சோலை போனால் குரங்குகள். அங்கேதான் மரத்தின் மேல் இருந்த சிறுவன் ஒரு கேள்வி கேட்க, ஔவைப் பாட்டி நின்று பதில் சொன்னதாகக் கதை. அவ்வளவு பெரிய பாட்டிக்கே ஒரு மாடு மேய்க்கிற பையனிடம் நின்று பேச நேரம் இருந்திருக்கிறது!

இதெல்லாம் அம்மா வேலை என்று அப்பாக்கள் ஒதுங்கிவிடக் கூடாது. வேலை முடிந்து வந்ததும் பதினைந்து நிமிடம் போனை பீரோ மேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தால் போதும். வீட்டில் அப்பத்தா, தாத்தா இருந்தால் இன்னும் நல்லது. அவர்களிடம் அவசரம் குறைவு. மூத்த பிள்ளை அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கிறதா? 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தால் அங்கேயே சாப்பிட்டுவிடும். காலையில் மிச்சமாகும் அந்தக் கொஞ்ச நேரத்தைச் சின்னதுக்குக் கொடுக்கலாம்.

போனை எவ்வளவு நேரம் காட்டலாம் என்பதற்கு இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. 2 வயது வரை திரையே வேண்டாம். 2 முதல் 5 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, அதுவும் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். சின்னக் குழந்தைக்கும் ஒரு விலக்கு உண்டு: உறவினரோடு எப்போதாவது வீடியோ கால். திருப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் அப்பா, "ங்கா" என்றால் திரும்ப "ங்கா" என்பார் அல்லவா?

எந்த மாதத்தில் என்ன செய்யும் என்று பார்க்க, தடுப்பூசிக்கு எடுத்துப் போகும் தாய் சேய் நல அட்டையைப் புரட்டுங்கள். எடை வரைபடத்தோடு வளர்ச்சிப் படிநிலைகளும் அதில் இருக்கின்றன. ஒன்றிய அரசு 2024-ல் வெளியிட்ட 'நவ்சேத்தனா' வழிகாட்டியில், பிறந்தது முதல் 36 மாதம் வரை மாதவாரியாக 140 விளையாட்டுச் செயல்பாடுகள் உள்ளன. உங்கள் பிள்ளையின் மாதத்துக்கு என்ன என்று அங்கன்வாடிப் பணியாளரிடம் கேளுங்கள்.

எப்போது காட்ட வேண்டும்?

12 மாதமாகியும் "பாபா", "தாத்தா" போன்ற மழலை ஒலி இல்லை; 16 மாதமாகியும் ஒரு சொல்கூட இல்லை; 24 மாதமாகியும் "பால் வேணும்" மாதிரி இரண்டு சொல் சேரவில்லை; பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை; வந்த பேச்சு நின்றுபோனது. இதில் எது இருந்தாலும் உடனே காட்டுங்கள். "இவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசுனான்" என்று வீட்டில் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம், காது கேட்பதில் குறையாகவும் இருக்கலாம், பரிசோதித்தால்தான் தெரியும். பேச்சு வராததற்குப் போனும் பெற்றோரும்தான் காரணம் என்று முடிவு கட்டிக்கொண்டு குற்ற உணர்ச்சியில் தள்ளிப் போடவும் வேண்டாம்.

முதலில் கிராம சுகாதாரச் செவிலியர் அல்லது ஆரம்ப சுகாதார நிலையம். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு, ஆண்டுக்கு இரு முறை அங்கன்வாடிக்கே வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது. எந்தத் தேதியில் வருகிறது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் மாவட்ட அளவிலான ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அவர்கள் அனுப்பிவைப்பார்கள். பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். எங்கே போவது என்ற குழப்பம் இருந்தால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.

போகும்போது அட்டையோடு இன்னொன்றும் கொண்டுபோங்கள். டாக்டர் முன்னால் பல பிள்ளைகள் வாயே திறக்காது. வீட்டில் பிள்ளை விளையாடுவதையும், கூப்பிட்டால் என்ன செய்கிறது என்பதையும் முந்தின நாளே இரண்டு நிமிடம் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால், அதைக் காட்டலாம்.